டிராக்பாலில் எடிட்டிங்: கர்சர் தாவுகிறது, இழுக்கும்போது நழுவுகிறது

கேள்வி:

வணக்கம். நாள் முழுக்க இரண்டே வேலை: வீடியோ டைம்லைனில் (கிளிப்புகளை, அதாவது காட்சித் துண்டுகளை, வரிசையாக அடுக்கும் பட்டையில்) கட் செய்வது, நீளமான பிரதிகளைத் திருத்துவது. சாதாரண மவுஸில் மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கம் வலித்ததால் கட்டைவிரலால் உருட்டும் டிராக்பாலுக்கு (மவுஸ் நகராது, அதிலுள்ள பந்தை உருட்டினால் கர்சர் நகரும்) மாறி ஒரு வாரம் ஆகிறது. 34 மி.மீ. பந்து, 1600 டிபிஐ (பந்தின் பரப்பு ஓர் அங்குலம் ஓடினால் கர்சர் 1600 பிக்சல் நகரும்). மணிக்கட்டு வலி குறைந்திருக்கிறது. ஆனால் கிளிப்பின் விளிம்பைப் பிடிக்கப் போனால் கர்சர் தாண்டிக் குதிக்கிறது. கிளிப்பை இழுத்துப் போகும்போது பாதியில் நழுவுகிறது. மாலையானால் கட்டைவிரல் அடிப்பகுதி களைத்துவிடுகிறது. பழகினால் சரியாகுமா, அல்லது வேறு வகை வாங்க வேண்டுமா?

பதில் 1:

தாவுவதற்குக் காரணம் உங்கள் கை இல்லை. பந்து மூன்று சிறு மணிகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஓடும் பந்தைத் தொடர்ந்து ஓட்டுவதைவிட, நின்ற பந்தை அசைக்கக் கூடுதல் விசை வேண்டும். மெல்ல அழுத்துகிறீர்கள், அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் சட்டென்று விடுபடுகிறது. அந்தத் தாவல் 0.2 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 400 டிபிஐயில் 3 பிக்சல், 1600 டிபிஐயில் ஏறக்குறைய 13 பிக்சல். கிளிப் விளிம்பைத் தவறவிட இது போதும்.

முதலில் சுத்தம். அடியில் உள்ள துளை வழியாகப் பென்சிலின் மழுங்கிய முனையால் தள்ளினால் பந்து வெளியே வரும். மூன்று மணிகளின் மேலும் சாம்பல் நிற அழுக்கு கட்டியிருக்கும். பல் குத்தும் மரக்குச்சியால் எடுங்கள். ஊசி, பிளேடு வேண்டாம், மணியில் கீறல் விழுந்தால் பிறகு போகாது. சென்சார் ஜன்னலை உலர்ந்த பட்ஸால் துடையுங்கள். அங்கே ஒரு முடி கிடந்தாலே கர்சர் விட்டுவிட்டு நகரும். பந்தைச் சோப்பு நீரில் கழுவி, நன்றாகக் காயவைத்துப் போடுங்கள்.

கழுவியதும் பந்து முன்பைவிட ஒட்டும். பயப்பட வேண்டாம், விரல் பட்டுப் பட்டு ஏறியிருந்த எண்ணெய்ப் பசை போய்விட்டது, அவ்வளவுதான். நெற்றியிலோ மூக்கோரத்திலோ ஒருமுறை உருட்டிவிட்டுப் போட்டால் வழுக்கும். சமையல் எண்ணெய், மெஷின் எண்ணெய் எதுவும் விடாதீர்கள். தூசியைப் பிடித்துப் பசையாக்கிவிடும். மணிகளை மட்டும் வாரம் ஒருமுறை துடைத்தால் போதும்.

அடுத்து வேகம். 1600ஐ 400 முதல் 600க்குள் கொண்டுவாருங்கள். ஆனால் 400 டிபிஐயில் 1920 பிக்சல் திரையைக் கடக்கப் பந்தின் பரப்பு 12 செ.மீ. ஓட வேண்டும், ஒரு தள்ளலில் நடக்காது. அதனால் விண்டோஸில் 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்' தேர்வை (வேகமாக உருட்டினால் கர்சருக்குக் கூடுதல் வேகம் தரும் முடுக்கம்) இயக்கி வையுங்கள். விளையாட்டுக்காரர்கள் அதை அணைக்கச் சொல்வார்கள், டிராக்பாலுக்கு அது பொருந்தாது. மெதுவாக உருட்டினால் நுணுக்கம், சுண்டிவிட்டால் திரையின் மறுமுனை: இரண்டும் ஒரே செட்டிங்கில் கிடைப்பது இந்த முடுக்கத்தால்தான்.

பதில் 2:

கட்டைவிரல் விஷயத்தைப் பழக்கம்னு விட்டுடாதீங்க. மவுஸ்ல மணிக்கட்டு பார்த்த வேலையை இப்ப ஒரே ஒரு விரல் பார்க்குது. கட்டைவிரலை விரிச்சா மணிக்கட்டோரம் சுருக்குன்னு வலி வந்தா உடனே நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க.

எட்டு மணி நேர எடிட்டிங்குக்கு, நடுவுல பெரிய பந்து வெச்சு ஆள்காட்டி, நடு விரலால உருட்டுற வகைதான் என் தேர்வு. கென்சிங்டன் கம்பெனியோட 'எக்ஸ்பர்ட் மவுஸ்'ங்கற டிராக்பால்ல பந்து 55 மி.மீ. கனமா இருக்கறதால சுண்டிவிட்டா தானா ஓடும், நுணுக்கமான இடத்துல ரெண்டு விரலால பிடிச்சு நிறுத்தலாம். பந்தைச் சுத்தி ஸ்க்ரோல் வளையம் இருக்கு. ரெண்டு கைக்கும் ஒண்ணுதான், அதனால இடது கைக்கும் மாத்தி மாத்தி வெச்சுக்கலாம்.

அதுல ஒரு குறை: உயரம். மணிக்கட்டு பின்பக்கமா மடங்கும். கூட வர்ற கைத்தாங்கியைக் கழட்டாம போடுங்க. முழங்கை 90 டிகிரிக்குக் கொஞ்சம் கூடுதலா திறந்து, முன்கை மேசையில படியணும். கீபோர்டுக்குப் பக்கத்துல ஒட்டி வைங்க. நம்பர் பேட் இல்லாத கீபோர்டு இருந்தா தோள் வெளியே போகாது. அது பலர் கவனிக்காத விஷயம்.

கேட்டவர்:

சுத்தம் செய்து 500க்கு இறக்கியதும் விளிம்பு சிக்குகிறது, மிக்க நன்றி. மணிகளில் இருந்த அழுக்கைப் பார்த்து அதிர்ச்சி. பெரிய பந்துக்கு மாறலாம் என்றிருக்கிறேன். இழுப்பது மட்டும் பாக்கி: கிளிப்பைப் பக்கவாட்டில் நகர்த்தினால் கொஞ்சம் மேலே போய் வேறு டிராக்கில் (டைம்லைனின் வேறு அடுக்கில்) விழுந்துவிடுகிறது.

பதில் 3:

இழுக்கும்போது ஒரு விரல் பட்டனை அழுத்திப் பிடிக்க, இன்னொன்று பந்தை உருட்ட வேண்டும். அந்த அழுத்தம் கை முழுவதையும் இறுக்குகிறது, நழுவுவது அதனால்தான். உபரி பட்டன் ஒன்றை 'டிராக் லாக்' ஆக்குங்கள்: ஒரு தட்டில் பிடிக்கும், மறு தட்டில் விடும். கென்சிங்டன்வொர்க்ஸ் மென்பொருளில் இது இருக்கிறது. வேறு நிறுவனப் பந்து என்றால் எக்ஸ்-மவுஸ் பட்டன் கன்ட்ரோல் என்ற மென்பொருளில் செய்யலாம். எதையும் நிறுவ விருப்பமில்லை என்றால் விண்டோஸின் சொந்த 'கிளிக்லாக்' போதும், சற்று நேரம் அழுத்தினால் பூட்டிக்கொள்ளும்.

வேறு டிராக்கில் விழுவதற்கு ஒற்றை அச்சு நகர்வு என்ற வசதி. அதை ஒரு பட்டனுக்குக் கொடுத்தால், பிடித்திருக்கும் வரை கர்சர் கிடையாக மட்டும் அல்லது செங்குத்தாக மட்டும் போகும். இதுவும் கென்சிங்டன்வொர்க்ஸில் உண்டு. எக்ஸ்பர்ட் மவுஸின் நான்கு பட்டன் போதவில்லை என்றால் மேல் பட்டன்கள் இரண்டையும் சேர்த்து அழுத்துவதை ஐந்தாவதாக வைத்துக்கொள்ளலாம்.

ஆனாலும் கிளிப்பை ஃப்ரேம் (வீடியோவின் ஒரு படம்) கணக்கில் நகர்த்துவதைப் பந்தால் செய்யாதீர்கள், எடிட்டிங் மென்பொருளின் கீபோர்டு குறுக்குவழிகள் இருக்கின்றன. பிரீமியரில் ஆல்ட்டுடன் இடது, வலது அம்புக்குறி. டாவின்சி ரிசால்வில் கமா, புள்ளி. பிளேஹெட் (டைம்லைனில் இப்போதைய இடத்தைக் காட்டும் கோடு) வரை வெட்டித் தள்ள பிரீமியரில் கியூ, டபிள்யூ. பந்து இடத்தைக் காட்டட்டும், வெட்டுவது இடது கையின் வேலை.

பிரதி திருத்தும்போதும் இதே வழிதான். பத்தி முழுக்க இழுத்துத் தேர்வு செய்ய வேண்டாம்: தொடக்கத்தில் ஒரு கிளிக், முடிவில் ஷிஃப்ட்டுடன் ஒரு கிளிக். வார்த்தை வார்த்தையாக வேண்டும் என்றால் இரட்டைக் கிளிக்கின் இரண்டாவது அழுத்தத்தை விடாமல் உருட்டுங்கள்.

கலர் கரெக்‌ஷனில் பந்து தனிச் சுகம். ஸ்லைடர், கலர் வீல் எல்லாம் கை நகராமல் திரும்பும். ரிசால்வுக்கான கலர் பேனல்களில் (நிறம் திருத்தும் தனிப் பலகைகளில்) டிராக்பால்கள் வைத்திருப்பதும் அதற்காகவே. மாஸ்க்கின் (படத்தில் ஒரு பகுதியைத் தனியாகப் பிரிக்கும் எல்லையின்) விளிம்பைக் கையால் வரைவது மட்டும் இதில் வராது. புள்ளி புள்ளியாக வைக்கும் பென் டூல் சரிப்படும், பிரஷ் வேலை அதிகம் என்றால் பக்கத்தில் ஒரு பென் டேப்லட் வைத்துக்கொள்ளுங்கள்.