கிரேக்கமும் லத்தீனும் ஒரே ஆண்டில் தொடங்கலாமா?

கேள்வி:
கிளாசிக்ஸ் (பண்டைய கிரேக்க, லத்தீன் இலக்கியம்) பட்டப்படிப்பில் சேரப்போகிறேன். பள்ளியில் கிரேக்கமும் படித்ததில்லை, லத்தீனும் படித்ததில்லை. முதல் ஆண்டிலேயே இரண்டையும் எடுக்கலாம் என்கிறார்கள். தாங்குமா? இன்னொன்று: லோப் என்ற இருமொழிப் பதிப்பில் இடப்பக்கம் மூலமும் வலப்பக்கம் ஆங்கிலமும் இருக்கிறதே, அதை வைத்தே பாடப்பகுதிகளை முடித்துவிடலாமா?

(பதில் சொல்பவர்கள் மூவர். மூலபாடம், ஈற்றடி, ஓரக்குறிப்பு என்பவை அவர்களின் புனைபெயர்கள்.)

மூலபாடம்:
கிரேக்கத்தை முதலில் பிடியுங்கள், லத்தீனை ஒரு பருவம் தள்ளிப்போடுங்கள். 24 எழுத்து ஒரு வாரத்தில் பழகிவிடும், அது பெரிய விஷயமே இல்லை. மாட்டிக்கொள்வது வினைச்சொல்லில். லத்தீன் வினைக்கு நான்கு அடிப்படை வடிவம் போதும், கிரேக்கத்துக்கு ஆறு. 'லூஓ' என்றால் அவிழ்க்கிறேன், 'எலூசா' என்றால் அவிழ்த்தேன். புதிதாகப் படிப்பவர் எலூசாவை அகராதியில் எகரத்தில் தேடுவார். அந்த முன் எகரம் வெறும் இறந்தகாலக் குறி, சொல் லகரத்தில் கிடக்கும். 'ஃபெரோ' இன்னும் மோசம்: சுமக்கிறேன் ஃபெரோ, சுமப்பேன் ஓய்சோ, சுமந்தேன் ஏனெங்கா. மூன்றும் மூன்று வேர். பார்த்து ஊகிக்க வழியில்லை, ஆறு வடிவத்தையும் வாய்விட்டுச் சொல்லி மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். தினம் ஐந்து வினை போதும்.

ஈற்றடி:
தள்ளிப்போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. மூன்றாண்டுப் படிப்பென்றால் பின்னால் தொடங்கும் மொழி நாடகத்தின் கோரஸ் எனும் குழுப்பாடல்கள் வரை எட்டாமலே போகலாம். லத்தீன் தமிழருக்கு அவ்வளவு அந்நியமும் இல்லை. உரைநடையில் வினை பெரும்பாலும் கடைசியில் வரும். 'உர்பே கப்தா' என்பதை ஆங்கிலப் பாடநூல் சுற்றிவளைத்து விளக்கும். நமக்கு 'நகரம் பிடிபட்டதும்', அவ்வளவுதான்.

வழுக்கும் இடம் வேறு. நம் அடைமொழி பெயரை ஒட்டியே முன்னால் நிற்கும். ரோமக் கவிஞர் வர்ஜிலின் ஈனியட் காவியத்தில் நான்காம் வரியைப் பாருங்கள்: 'சைவை மெமோரெம் யூனோனிஸ் ஓப் ஈரம்'. வரிசையாகப் பொருள் வைத்தால் 'கொடிய, மறவாத, யூனோவின், காரணமாக, சினம்'. (யூனோ ரோமப் பெண்தெய்வம். ஈரம் என்றால் சினம், நம் ஈரம் இல்லை!) சொல்லின் ஈற்றைப் பார்த்தால்தான் சைவை யூனோனிஸோடும் மெமோரெம் ஈரத்தோடும் சேர்வது தெரியும்: கொடிய யூனோவின் மறவாச் சினத்தால். பக்கத்தில் நிற்கிறதே என்று சோடி சேர்த்தால் வரி குலைந்துவிடும். பென்சிலால் வேற்றுமையைக் குறித்துக்கொண்டு, பிறகு பொருளுக்குப் போங்கள்.

ஓரக்குறிப்பு:
லோப் பற்றி. சரிபார்க்க நல்லது, அதிலேயே தொடங்கினால் கெட்டது. ஈனியட் 4ஆம் காண்டம் 705 வரி. நாளுக்கு 20 வரி வைத்தால் ஏறக்குறைய ஐந்து வாரத்தில் முடியும். 20 வரியையும் முதலில் அகராதி இல்லாமல் ஒருமுறை, பிறகு அகராதியோடு ஒருமுறை படித்து, சொந்த மொழிபெயர்ப்பை எழுதிவிட்டு, அதன் பிறகே வலப்பக்கத்தைப் பாருங்கள். மூல வரிக்கு மேலேயே பொருள் எழுதாதீர்கள். அடுத்த முறை கண் அந்தக் குறிப்பைத்தான் படிக்கும், லத்தீனை அல்ல. தனி நோட்டு வையுங்கள்.

ஆங்கிலத்தை உருப்போட்டவர் தேர்வில் எளிதில் மாட்டுவார்: வினாத்தாளில் 12 வரி கொடுத்திருக்கும், அவர் 14 வரிக்கு மொழிபெயர்த்திருப்பார். முன்பின் பார்க்காத பகுதியை மொழிபெயர்க்கும் தாளில் அந்த மனப்பாடம் உதவவே உதவாது.

பிளேட்டோவைப் படிக்கும்போது பக்க எண்ணுக்குப் பதில் ஓரத்தில் உள்ள ஸ்டெஃபானஸ் எண்ணைக் குறியுங்கள். அது 1578ஆம் ஆண்டுப் பதிப்பின் பக்கம், எந்தப் பதிப்பை எடுத்தாலும் மாறாது.