சொத்து வரி கட்டப் போனபோது: உங்கள் அனுபவம் என்ன?

மாடிவீட்டுக்காரி:
சொத்து வரி விஷயத்தில் அவரவருக்கு நடந்ததை எழுதுங்கள். முதலில் என்னுடையது.

சென்னைக்கு வெளியே ஒரு நகராட்சியில் அப்பா கட்டிய வீடு. 2022-இல் வரி ஏறியபோது எங்கள் தெருவில் ஆளாளுக்கு பில்லை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு ஏறியது மட்டும் தனியாகத் தெரிந்தது. அந்தத் தடவை குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கும் மேலே 100 என்று உயர்த்தினார்கள். எங்கள் வீடு 1,150 சதுர அடி. பதிவேட்டில் இருந்தது 1,270. பின்பக்கம் முன்பு ஒரு தகரக் கொட்டகை இருந்தது, அதையும் சேர்த்து அளந்திருக்கிறார்கள். கொட்டகையைப் பிரித்துப் பல வருடம் ஆயிற்று, ஆனால் வரியில் அது இன்னும் நின்றுகொண்டிருந்தது!

வீட்டு வரைபட நகல், கடைசி ரசீது இரண்டையும் இணைத்து மனு கொடுத்தேன். “மனு முடியும்வரை கட்டாதே” என்று மாமா சொன்னார். நான் கேட்கவில்லை, பில்லில் இருந்த தொகையையே கட்டிவிட்டேன். பில் கலெக்டர் டேப்போடு வந்து அளந்தார், கணக்கு மாறியது. அதிகமாகப் போன பணத்தை அடுத்த அரையாண்டில் கழித்துக்கொண்டார்கள். கையில் திருப்பித் தரவில்லை. எனக்கு அதுவே போதும்.

மயிலாப்பூர் பெரியவர்:
கழித்துக்கொள்வது புதிதல்லம்மா. சென்னையில் 1998-க்குப் பிறகு 20 வருடம் வரியைத் தொடவே இல்லை. 2018-இல் ஏற்றினார்கள், எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டே கட்டினோம். 2019 நவம்பரில் அந்த உயர்வை நிறுத்திவைத்து, அதிகம் கட்டியதை அடுத்தடுத்த வரியில் சரிசெய்வதாக அறிவித்தார்கள்.

நீங்கள் சொன்ன படிகள் சென்னை முழுவதற்கும் பொருந்தாது. 2011-க்கு முன்பே மாநகராட்சியில் இருந்த மயிலாப்பூர் மாதிரி இடங்களில் அவை 50, 75, 100, 150. 2011-இல் வந்து சேர்ந்த வளசரவாக்கம், ஆலந்தூர் பக்கமெல்லாம் உங்களுக்கு உள்ளதுதான். அதே 1,000 சதுர அடிக்கு என் பையனுக்கு அங்கே 50 சதவீதம், எனக்கு இங்கே 75. “குளத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களே, அதற்குக் கொடுங்கள்” என்கிறான்.

இன்னொன்று. மெட்ரோ வாட்டருக்கு, அதாவது சென்னைக் குடிநீர் வாரியத்துக்குக் கட்டும் வரியும் மாநகராட்சி போடும் ஆண்டு மதிப்பை (வீடு வருடத்துக்கு எவ்வளவு வாடகை பெறும் என்ற கணக்கு) வைத்துத்தான் வருகிறது. மதிப்பு தப்பாக இருந்தால் அங்கேயும் தப்பும்.

தையல்மெஷின்:
எங்கள் கதை பரப்பளவு இல்லை, பயன்பாடு. அக்கா முன்னறையில் ஒரு மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறாள். போர்டுகூட இல்லை. ஒரு அரையாண்டு பில் பல மடங்காக வந்தது. போய்க் கேட்டால் முழு வீட்டையும் வணிகக் கட்டடம் என்று பதிந்திருக்கிறார்கள். சமையலறையிலும் படுக்கையறையிலும் என்ன வியாபாரம் நடக்கிறது?

கவுன்ட்டரில் வாயால் சொன்னபோது ஒன்றும் நடக்கவில்லை. “முன்னறை இத்தனை சதுர அடி, மீதி குடியிருப்பு” என்று பிரித்து எழுதி, ஒப்புகைச் சீட்டு வாங்கிய பிறகுதான் பார்க்க வந்தார்கள். இப்போது முன்னறைக்கு மட்டும் வணிக வரி. அக்காவுக்கு அதிலும் கோபம்தான், ஆனால் அது நியாயம் என்றே எனக்குப் படுகிறது.

புது ஃபிளாட்:
பழைய ஃபிளாட் வாங்குகிறவர்களுக்காகச் சொல்கிறேன். பாக்கி வைத்தது முன்னாள் சொந்தக்காரர் என்றாலும் அது சொத்தின் மேல்தான் நிற்கும். பத்திரப்பதிவுக்கு முன் வரிவிதிப்பு எண்ணை வாங்கி ஆன்லைனில் போட்டுப் பார்த்தேன். நிலுவை இருந்தது. விற்றவர் “சின்னத் தொகைதானே சார்” என்றார். சின்னத் தொகைதான், அதனால் அவரையே கட்டவைத்துவிட்டு கையெழுத்துப் போட்டேன். அப்புறம் பத்திர நகல் கொடுத்துப் பெயர் மாற்றம். என் பெயரில் ரசீது வருகிறது என்பதற்காக அதை உரிமைப் பத்திரமாக நினைத்துவிடக் கூடாது என்று வக்கீல் நண்பர் எச்சரித்தார்.

ஊராட்சிக்காரன்:
எங்களுக்கு வீட்டு வரி ஆண்டுக்கு ஒரு தடவை. முன்பு கிளார்க் எப்போது ஆபீஸில் இருப்பார் என்று விசாரித்துக்கொண்டு போக வேண்டும். இப்போது போனிலேயே கட்டிவிடுகிறேன். பக்கத்து ஊரை மாநகராட்சியோடு சேர்த்துவிட்டார்கள், அங்கே இருக்கும் மச்சான் எங்கள் ரசீதைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார்.

மாடிவீட்டுக்காரி:
@தையல்மெஷின், ஒப்புகைச் சீட்டு பற்றிச் சொன்னது ரொம்ப முக்கியம். நானும் வாங்கி வைத்திருந்தேன். ரசீதில் தனியாக ஒரு நூலக வரி வருகிறதே, அது என்ன கணக்கு?

மயிலாப்பூர் பெரியவர்:
சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா. 1948-ஆம் ஆண்டு நூலகச் சட்டத்தில் தொடங்கிய வரி. எங்கள் தெருமுனை நூலகத்தில் தினமும் பேப்பர் படிக்கிறேன், இந்த ஒரு வரியில் எனக்குப் புகார் கிடையாது.

புது ஃபிளாட்:
ஏப்ரலில் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி என்றார்கள், நான் தவறவிட்டேன். இனி அடுத்த வருடம்தானா?

தையல்மெஷின்:
இல்லை சார், அக்டோபரில் திரும்ப வரும். அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய். போன பாக்கி இருந்தால் அதை இப்போதே முடித்துவிடுங்கள்.