அப்டேட்: போன மாசம் சொன்ன மூணு புக்கும் முடிச்சாச்சு

போன மாசம் பெருமாள்முருகனோட பூக்குழி நாவல், தொ.ப. (தொ. பரமசிவன்) எழுதுன அறியப்படாத தமிழகம் கட்டுரைத் தொகுப்பு, யுகிமுராவோட வின்லாண்ட் சாகா மாங்கா (ஜப்பான் படக்கதை) மூணையும் பாதில வச்சிருக்கேன், வின்லாண்ட்ல பண்ணை பகுதி ரொம்ப இழுவைனு எழுதியிருந்தேன்ல, அதை வாபஸ் வாங்கிக்கிறேன் மக்களே. ரெண்டு அடிமைங்க காட்டை வெட்டி, மரத்தோட அடிக்கட்டைய வேரோட பிடுங்கி, கோதுமை விதைச்சு அது முளைக்குறத உக்காந்து பாக்குறாங்க, அதுல ஒருத்தன், கத்திய மட்டுமே பிடிச்சு வளந்த ஹீரோ தோர்ஃபின், அந்த வயல்லதான் மனுஷனா மாறுறான், அதுக்கு அவ்ளோ பக்கம் தேவைதான். 2005ல ஆரம்பிச்சு 2025லதான் முடிஞ்ச கதை, யுகிமுரா எங்கயும் அவசரப்படல.

பூக்குழி என்னை ரெண்டு நாள் தூங்க விடல. சாதி மாறி கல்யாணம் பண்ணிட்டு வந்த சரோஜாவ மாமியார் மாராயி வையுற வசவு இருக்கே, அந்தப் பாறை மேல இருக்குற வீடும் வெயிலும் சேந்து நம்மளையே சுடுது. 2023ல இன்டர்நேஷனல் புக்கர் பரிசோட நெடும்பட்டியல்ல வந்துச்சு, அதுக்காக இல்ல, சரோஜாவுக்காகப் படிங்க.

தொ.ப. புக்ல உப்பு பத்தின கட்டுரை மட்டும் மூணு தடவ படிச்சேன். சம்பளம்ங்குற வார்த்தையே சம்பாவும் அளமும், அதாவது நெல்லும் உப்பும் சேந்து வந்ததுங்கறார். அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டுனேன், இப்ப புக்கு அவங்க கைல.