படத்தில் முகம் தெரிந்ததா, இல்லையா?

சேலத்துக்காரன்: குழந்தைகள் இல்லத்துக்கு வாராவாரம் போய்ப் பழகுவதுதான் சேவை, பிரியாணி போட்டுப் படம் எடுப்பது விளம்பரம் என்று மலர்விழி மேடம் எழுதியதைப் படித்து எரிச்சலாக வந்தது. என் மகள் பிறந்தநாளுக்குச் சாப்பாடு போட்டேன், படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். அதைப் பார்த்து நண்பர் ஒருவர் அடுத்த மாதச் சாப்பாட்டை ஏற்றுக்கொண்டார். இதில் என்ன தப்பு?

மலர்விழி: குழந்தைகள் முகம் தெரிந்ததா இல்லையா? சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74-இன்படி அந்தப் பிள்ளைகளின் படத்தை வெளியிடக் கூடாது. மீறினால் 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம், இரண்டும்கூட வரலாம்.

கொங்குத் தம்பி: அது பத்திரிகைக்கும் டிவிக்கும் போட்ட சட்டம். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் போய்விடும்.

மலர்விழி: மற்றத் தகவல் தொடர்பு வழிகளும் அதே பிரிவில் இருக்கின்றன தம்பி, முழுசாகப் படியுங்கள். நான் கணக்குச் சொல்லித்தரும் எட்டாவது பையனின் படம் யாரோ வைத்த ஸ்டேட்டஸிலிருந்து அவன் வகுப்புக்கே போய்விட்டது. இப்போது அவன் பெயர் 'ஹோம் பையன்'. மாடிப்படிக்கு அடியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறான்.

சேலத்துக்காரன்: அது நான் போட்ட படமா? கணக்குச் சொல்லிக்கொடுத்தால் வயிறு நிறையுமா?

மலர்விழி: ஞாயிற்றுக்கிழமை மூன்று வேளைக்கும் சாப்பாடு போட ஆள் இருக்கிறது. முன்பின் தெரியாதவருக்கு வரிசையில் நின்று ஹேப்பி பர்த்டே பாடிய பிறகுதான் தட்டில் கை வைக்க முடிகிறது. பரீட்சையில் ஃபெயிலானால் யாரிடம் போய்ச் சொல்லும் அந்தப் பிள்ளை? முகம் தெரிந்ததா, அதற்குப் பதிலைக் காணோம்.

ஓய்வுபெற்ற வாத்தியார்: பழகுவதும் லேசில்லை. பிள்ளை ஒட்டிக்கொண்ட பிறகு வேலை மாற்றம் என்று போய்விடுகிறார்கள். அதற்கு ஆரம்பிக்காமலே இருக்கலாம். 18 வயதில் வெளியே வருகிறவர்களுக்கு 21 வரை பின்பராமரிப்பு உண்டு என்கிறது சட்டம். வாடகைக்கு வீடு கேட்கப் போனால் பக்கத்தில் நிற்க ஆளில்லை.

கொங்குத் தம்பி: சார், போன தீபாவளி வசூல் கணக்கையே நீங்கள் இன்னும் போடவில்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார்: ரசீதெல்லாம் பத்திரமாக இருக்கிறது, வீட்டுக்கு வந்து பார். உன் அப்பாவுக்கே பாடம் எடுத்தவன் நான்.

சேலத்துக்காரன்: சேவை செய்கிறவர்களின் லட்சணம் இதுதான். என் அப்பா திதிக்கும் சாப்பாடு போடுவேன், படமும் போடுவேன். இல்லத்து நிர்வாகியே ஒன்றும் சொல்லவில்லை, நீங்கள் யார்?

மலர்விழி: நிர்வாகி சரி என்றால் போதாது. குழந்தையின் நலனுக்குத் தேவை என்று, சட்டப்படி மாவட்டத்தில் இருக்கும் குழந்தைகள் நலக் குழு அனுமதிக்க வேண்டும். அப்புறம், ஸ்டேட்டஸ் போய்விட்டது, சரி. அதே படம் உங்கள் ஃபேஸ்புக்கில் இருக்கிறதே, எப்போது எடுப்பீர்கள்?

சேலத்துக்காரன்: எடுக்க மாட்டேன்.