மருத்துவப் பட்டம் இல்லாதவர் பொதுச் சுகாதாரக் கொள்கை ஆய்வாளராக முடியுமா?

வைகைக்கரை:
வணக்கம். பொருளியலில் முதுகலை முடித்து, மாவட்ட நலவாழ்வுச் சங்கம் ஒன்றில் தரவுப் பணியில் இருக்கிறேன். பொதுச் சுகாதாரக் கொள்கை ஆய்வுக்குச் செல்ல விரும்புகிறேன். ஆனால் எம்.பி.பி.எஸ். படிக்காதவர் சொல்வதை அங்கே யாரும் காதில் வாங்குவதில்லை என்கிறார்கள் உடன் பணிபுரிவோர். இத்துறையினர் எந்தப் பின்னணியிலிருந்து வருகிறார்கள், நான் அடுத்து எதைப் படிக்கலாம் என்று தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பொருநை:
அவர்கள் சொல்வது நிர்வாகப் பதவிகளுக்குப் பொருந்தும். 1939இலேயே பொதுச் சுகாதாரத்துக்கெனத் தனிச் சட்டம் கண்ட நம் மாநிலத்தில், மாவட்டச் சுகாதார அலுவலர்கள் மருத்துவர்களே. கொள்கை ஆய்வு வேறு வேலை. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தருவதற்காக 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அரசு மருத்துவமனைக்கும் ஆண்டுத் தொகை குறித்த பாஸ்புக் கொடுத்து, அந்த வரம்புக்குள் மாவட்டக் கிடங்கிலிருந்து மருந்து எடுக்கச் செய்ததும், தயாரிப்பாளர் பெயரை மறைத்து மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்பியதும் மருத்துவ அறிவால் மட்டும் கிடைத்துவிடக்கூடிய தீர்வுகள் அல்ல. டெண்டர், கணக்கு, கிடங்கு ஆகியவற்றின் நடைமுறை தெரிந்தவர்களும் அதற்குத் தேவை.

எண்ணும் எழுத்தும்:
நானும் பொருளியலிலிருந்து வந்தவன். நீங்கள் தவிர்க்கவே கூடாத பாடம் கொள்ளைநோயியல் (epidemiology), அதாவது மக்களிடையே நோய்கள் பரவும் விதத்தையும் காரணங்களையும் ஆராயும் துறை; அது இல்லாமல் ஒரு திட்டத்தால் நோய் குறைந்ததா, தானாகவே குறைந்ததா என்று சொல்ல இயலாது. மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் எம்.பி.எச். (பொதுச் சுகாதார முதுகலை) படிப்பில் மருத்துவரல்லாதவர்களும் சேரலாம். அதற்குமுன், 2017–18இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்றுத் தரவைத் திறந்து பாருங்கள். மருத்துவமனையில் தங்கிப் பெற்ற சிகிச்சைக்குக் கடந்த 365 நாட்களையும், பிற நோய்களுக்குக் கடந்த 15 நாட்களையும் கணக்கில் கொண்டு, குடும்பங்கள் செய்த செலவை அதில் கேட்டிருக்கிறார்கள். அரசுக் காப்பீடு பெரும்பாலும் உள்நோயாளிச் சிகிச்சைக்கே பொருந்துவதால், மாதந்தோறும் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்கும் குடும்பத்தின் சுமை எவ்வளவு குறைந்திருக்கும் என்ற கேள்வியை உங்கள் முதல் ஆய்வாகவே எடுத்துக்கொள்ளலாம்.

களப்பணி:
மேலே உள்ளவற்றை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ஒன்றை வலியுறுத்த வேண்டும். நான் மருத்துவன். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் கிராமச் சுகாதாரச் செவிலியர் பதிவேடு எழுதுவதை அருகில் இருந்து பார்க்காதவர்களின் அறிக்கைகளில் அடிக்கடி ஒரே பிழையைக் காண்கிறேன்: பதிவானதையே நடந்ததாக எடுத்துக்கொள்வது. நம் மாநிலத்தில் பிறப்புச் சான்றிதழுக்கு ஆர்.சி.எச். எண் (கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரப்படும் எண்) கேட்கப்படுகிறது, எனவே கர்ப்பப் பதிவு கூடியதைக் கொண்டு மட்டும் கர்ப்பகாலப் பராமரிப்பு மேம்பட்டுவிட்டதென்று முடிவு கட்ட முடியாது. மாவட்டத்தில் தரவுப் பணி செய்யும் உங்களுக்கு இந்த அறிவு ஏற்கெனவே கைவரத் தொடங்கியிருக்கும். அதை விண்ணப்பத்தில் மறைக்காமல் முன்னால் வையுங்கள்.

வைகைக்கரை:
மூவருக்கும் நன்றி. 75ஆவது சுற்றுத் தரவிலிருந்து தொடங்குகிறேன். எம்.பி.எச். சேருமுன் புள்ளியியலுக்கு ஆர், ஸ்டேட்டா என்ற மென்பொருள்கள் இரண்டில் எதைக் கற்பது நல்லது?

எண்ணும் எழுத்தும்:
ஆர். கட்டணம் இல்லை. மாதிரி ஆய்வுகளின் எடைகளை (ஆய்வில் வந்த ஒரு குடும்பம் மொத்தத்தில் எத்தனை குடும்பங்களைக் குறிக்கிறது என்ற எண்களை) கையாள அதிலேயே தொகுப்பு இருக்கிறது. எடை சேர்க்காமல் எந்தச் சராசரியையும் எழுதிவிடாதீர்கள்.