எக்ஸ்போஷருக்கு 'வெளிப்பாடு' வேண்டாம்: நுண்ணெகிழித் தாள் வரைவு பற்றி

அனைவருக்கும் வணக்கம்.

உடலில் நெகிழி சேர்வதைக் குறைப்பது பற்றி நம் அடுக்குமாடிப் புளோக்குகளில் விநியோகிக்கப்போகும் தாளின் வரைவைப் படித்தேன். மைக்ரோபிளாஸ்டிக்குக்கு 'நுண்ணெகிழி' என்று முடிவானதில் எனக்கு மகிழ்ச்சி. 'நுண்நெகிழி' என்று பிரித்து எழுதினால்தான் பிள்ளைகளுக்குப் புரியும் என்கிறார் ஆசிரியர் அக்கா. கண்ணும் நீரும் சேர்ந்து கண்ணீர் ஆனபோது யாரும் திணறவில்லையே, இதுவும் பழகிவிடும். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த நெகிழித் துண்டு என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் போதும்.

எனக்கு உறுத்துவது எக்ஸ்போஷர், அதாவது ஒரு பொருள் உணவு, மூச்சு போன்ற வழிகளில் நம்மை வந்தடைவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், அதற்கான தமிழ். வரைவில் அது ஓரிடத்தில் 'வெளிப்பாடு', ஓரிடத்தில் 'பாதிப்பு', இன்னோரிடத்தில் 'உட்கொள்ளல்' என்று வருகிறது. படிப்பவர் மூன்றும் வேறு வேறு என்றுதான் நினைப்பார்.

'வெளிப்பாடு' அகராதியில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அன்பின் வெளிப்பாடு, கோபத்தின் வெளிப்பாடு என்று பழகிய காதுக்கு 'நுண்ணெகிழி வெளிப்பாடு' என்றால் எதிலிருந்தோ நெகிழி வெளியே வருகிறது என்றே படும். அப்படி வெளியே வருவதும் தாளில் இருக்கிறது. நெகிழியால் ஆன ஒரு தேயிலைப் பையை 95 பாகைச் சூட்டில் ஊற வைத்தால் ஒரு கோப்பைக்குச் சுமார் 1,160 கோடி நுண்துகள்கள் கலக்கின்றன என்று கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தார் 2019இல் அளந்தார்கள். அது பையிலிருந்து உதிர்வது. அந்தத் தேநீரைக் குடித்த நமக்கு நேர்வது வேறு. முதலாவதற்கு 'உதிர்வு' என்று வைக்கலாம். இரண்டாவதற்குத்தான் சொல் தேடுகிறோம்.

'பாதிப்பு' இன்னும் மோசம், மன்னிக்கவும். உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் உணவு வழியாகவும் மூச்சு வழியாகவும் மனிதருக்குள் போகும் துகள்களைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. உடல்நலக் கேட்டை உறுதியாக எடைபோடச் சான்று போதாது என்பதுதான் அதன் நிலை. அங்கே எக்ஸ்போஷர் என்று இருப்பதை நாம் 'பாதிப்பு' என்று எழுதினால், அவர்கள் சொல்லாத தீர்ப்பை நாம் சொல்லிவிடுகிறோம். கீழ்வீட்டுப் பாட்டி அதைப் படித்துவிட்டுக் குழாய்த் தண்ணீரையே தொடமாட்டார். அப்புறம் புட்டித் தண்ணீரைக் கட்டுக் கட்டாக வாங்குவார். அதில்தான் லிட்டருக்குச் சராசரியாக 240,000 துகள்கள் இருப்பதாக 2024இல் அமெரிக்க ஆய்வு ஒன்று கண்டது!

'உட்கொள்ளல்' தவறில்லை, ஆனால் வாயோடு நின்றுவிடுகிறது. பாலியெஸ்டர் துணி, கம்பளம், மெத்தை உறை இவற்றிலிருந்து வரும் இழைகள் வீட்டுத் தூசில் கலந்து மூச்சோடும் போகின்றனவே.

ஆகவே என் முன்மொழிவு 'ஆட்படல்'. கதிர்வீச்சுக்கு ஆட்பட்டவர் என்று ஏற்கெனவே எழுதுகிறோம். குடித்தாலும் மூச்சில் இழுத்தாலும் பொருந்தும், கெடுதல் உண்டா இல்லையா என்று அதுவாகத் தீர்ப்பும் சொல்லாது. ஆட்படும் அளவு, ஆட்படும் வழி என்று நீட்டவும் முடிகிறது. பக்திப் பாடல் வாடை அடிக்கிறது, அடிமையாவது போல இருக்கிறது என்று நண்பர் ஒருவர் தனிமடலில் சொன்னார். வாடை கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. அவர் தந்த 'உட்படல்' எனக்கும் பிடித்தது, ஆனால் 'நுண்ணெகிழி உட்பட' என்று ஒரு வாக்கியம் வந்தால் 'இன்க்ளூடிங்' என்று படித்துத் தொலைப்போம்.

இது கலைச்சொல் பட்டியலுக்கும் நீளமான கட்டுரைக்கும். தாளின் தலைப்பில் 'ஆட்படலைக் குறைத்தல்' என்று போடாதீர்கள், யாரும் படிக்கமாட்டார்கள். 'உடலில் நெகிழி சேர்வதைக் குறைக்க' என்றே இருக்கட்டும். கீழே வினைச்சொல்லாக எழுதலாம்: குழாய்த் தண்ணீரையே குடியுங்கள், சூடான கோப்பியைக் கடையில் டாபாவ் செய்யும்போது (கட்டி வாங்கும்போது) நெகிழிப் பைக்குப் பதில் எவர்சில்வர் குவளை கொண்டுபோங்கள், நெகிழி டப்பாவை மைக்ரோவேவில் வைக்காதீர்கள், தரையை ஈரத்துணியால் துடையுங்கள்.

ஒரு திருத்தமும் உண்டு. 'கொதிக்க வைத்தால் 90 விழுக்காடு போய்விடும்' என்ற வரியை எடுத்துவிடுங்கள். 2024இல் சீன ஆய்வாளர்கள் சொன்ன அந்த அளவு சுண்ணாம்பு மிகுந்த கடின நீருக்கு மட்டும். கொதிக்கும்போது படியும் சுண்ணாம்பு துகள்களைப் பிடித்துக்கொள்கிறது, அதை வடிகட்டவும் வேண்டும். சுண்ணாம்பு குறைந்த மென்னீரில் நீங்குவது மொத்தத் துகள்களில் கால்வாசிதான்.

நுண்ணெகிழியிலும் மிகமிகச் சிறிய துகளான நானோபிளாஸ்டிக்குக்கு 'மீநுண்ணெகிழி' என்று ஒருவர் தந்திருக்கிறார். அழகுதான். ஆனால் பள்ளிப் பிள்ளைக்கு நானோ தெரியும், 'மீநுண்' தெரியாது. 'நானோநெகிழி' என்பதே என் வாக்கு. ஆட்படலுக்கு மாற்று வைத்திருப்பவர்கள் அச்சுக்குப் போவதற்குள் எழுதுங்கள். சொல்லோடு ஒரு முழு வாக்கியமும் வேண்டும், தனிச்சொல்லாக அனுப்பினால் எடைபோட முடியாது.