புதுப்பிப்பு: கீழக்கரை வீட்டை இடிக்கவில்லை

நான்கு குடும்பங்கள் வாழும் எங்கள் கீழக்கரைப் பூர்வீக வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி எழுப்புவதா என்று சென்ற தை மாதம் கேட்டிருந்தேன். இடிக்கவில்லை என்பதே இன்றைய நிலை.

முடிவை மாற்றியது பின்கட்டுச் சுவர். முழங்கால் உயரத்துக்குப் பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்த சிமெண்டுப் பூச்சைக் கொத்தனார் தட்டியெடுத்தபோது, உள்ளே சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிய பவளக்கல் (கடலின் பவளப்பாறையிலிருந்து அந்நாளில் எடுத்த கல்) உறுதியாகவே இருந்தது. அதன் வரிகள்கூட அழியவில்லை. ஈரத்தை வெளியே விடும் சுண்ணாம்புச் சுவரின்மேல் பிற்காலத்தில் நாங்கள் (யாரைக் குறை சொல்ல?) பூசிய சிமெண்டே உப்பையும் ஈரத்தையும் உள்ளே அடைத்துவைத்திருக்கிறது. பவளப்பாறைகள் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பதால் கடலிலிருந்து புதுக் கல் எடுக்க வழியில்லை. சரிந்த குளியலறைச் சுவரின் கல்லையே மறுபடி பயன்படுத்துகிறோம்.

பிற்பாடு போட்ட கான்கிரீட் மாடிதான் மோசம்: உப்புக் காற்றில் கம்பி துருவேறிப் பருத்து, காரையைப் பிளந்துவிட்டது. அதை மட்டும் அகற்றுகிறோம்.

பெரியம்மா மகன் தன் பங்கைப் பணமாகக் கேட்பதால் பாகப்பிரிவினைப் பத்திரம் இன்னும் பதிவாகவில்லை. வாடகைக்கு இருக்கும் கிறிஸ்தவ மீனவக் குடும்பமும் தையல் கடை அக்காவும் வேலை முடியும்வரை முன்கட்டுக்கு மாறச் சம்மதித்துவிட்டார்கள். முற்றத்துக் கிணற்றை மூடக் கூடாது என்பது மட்டும் அவர்களுடைய நிபந்தனை.